அடித்த எல்

எழுபத்து மூன்று கல்லறைகள். ஆறு வரிசை. முதல் இரண்டு வரிசையில் பதின்மூன்று, பதின்மூன்று. அடுத்த மூன்றில் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. கடைசி வரிசையில் பதினொன்று. மூன்று வெவ்வேறு நாட்களில் எண்ணினேன். மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது. எண்ணிக்கையில் நான் தவறவில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது மற்றத் தவறுகள்.

என் மனைவியின் அண்ணன் மகன் கிழக்கு ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. அதில் ஐந்து வீட்டில் யாராவது ஒருவர் ரிக்கோடு வெளிநாட்டில் இருக்கிறார். அவன் கூப்பிட்டான் என்று நானும் மனைவியும் போனோம். தொண்ணூற்றொரு நாள் இருந்தோம். அவன் விடிவதற்குள் ரிக் நிற்கும் இடத்துக்குப் போய்விடுவான். என் மனைவிக்கு அவன் மனைவியோடு பேசப் பொழுது போதவில்லை. எழுபத்தெட்டு வயதில், தெரியாத ஊரில், காலையில் நடப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

அப்படி நடந்தபோதுதான் ஒரு விவசாயக் கல்லூரியின் பின்புறம் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். சுற்றுச்சுவர், நீலம் அடித்த இரும்புக் கதவு, ஒரு காவல்காரர், ஒரு பதிவேடு. எல்லாக் கல்லிலும் ஐரோப்பியப் பெயர்கள். ஆங்கிலேயர் என்று நினைத்தேன். காவல்காரர் அவருடைய ஆங்கிலத்தில், என்னுடைய ஆங்கிலத்துக்கு எட்டும்படி, போலந்துக்காரர்கள் என்றார்.

போரின்போது போலந்தின் கிழக்குப் பகுதியிலிருந்து ரயிலேற்றி ரஷ்யாவின் பனிக்காடுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். அங்கிருந்து விடுபட்டு, ஈரான் வந்து, கப்பலேறி இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்கள். ஆண்கள் படையில் இருந்ததால் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். முகாம்களில், வட்டக் குடிசைகளில் சில வருடங்கள் குடியிருந்து, பள்ளி நடத்தி, கோயில் கட்டி, போர் முடிந்ததும் எந்த நாடு வாருங்கள் என்றதோ அந்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து. இறந்தவர்கள் மட்டும் இங்கே.

நான் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவன். இரண்டாம் உலகப் போர் பாடத்தில் போலந்துக்கு ஒரே ஒரு வரிதான்: ஜெர்மனி போலந்தைத் தாக்கியதும் போர் மூண்டது. அந்த வரியை முப்பத்தொரு முறை நடத்தியிருக்கிறேன். அதற்குள் இருந்தவர்கள் ஆப்பிரிக்கா வரை வந்து வட்டக் குடிசையில் சோறு பொங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் நடத்தியதில் ஒரு வெட்கம் வந்தது. இவர்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுதிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முதல் வேலையாகப் பெயர்ப் பட்டியல்.

பட்டியலை எப்படி எடுத்தேன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு குயர் நோட்டு ஒன்றில், மாணவர் வருகைப் பதிவேடு போலக் கோடு போட்டேன். வரிசை எண், கல் எண், பெயர். பெயரை எழுதும்போது பதிவேட்டில் எழுதுகிற பழக்கப்படியே எழுதினேன். கடைசிச் சொல் ஆளின் பெயர், அதற்கு முன்னால் இருப்பது இனிஷியல். முன்னால் உள்ள நீளமான சொல்லை முதல் எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்தேன். கடைசிச் சொல்லைத் தமிழில் முழுதாக எழுதினேன். எழுபத்து மூன்று பேரும் என் வகுப்பில் சேர்ந்த மாதிரி அழகாக அமைந்தது. கடைசிச் சொல்தான் அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதும், நான் வெட்டி எறிந்த முன்சொல்தான் அவர்களைத் தாய் கூப்பிட்ட பெயர் என்பதும் அப்போது தோன்றவில்லை. ஐரோப்பிய வரலாறு படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்தும் இருந்தது. கை கேட்கவில்லை.

இரண்டாவது, எல். பல கற்களில் ஆங்கில எல் எழுத்தின் குறுக்கே ஒரு சிறிய சாய்கோடு இருந்தது. எழுத்தை அடித்தது போல. கல்தச்சன் தவறாக ஓர் எழுத்தைச் செதுக்கிவிட்டு அதைக் கோடு போட்டு அடித்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அடித்த எழுத்தைச் சேர்த்துப் படிப்பது முறையல்ல அல்லவா? விட்டுவிட்டு எழுதினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்தும் வைத்தேன்: ‘அடித்த எல் உள்ள கற்கள் 19. கல்தச்சர் கவனக்குறைவு.’ எத்தனை என்று எழுதினேன். எந்தெந்தக் கல் என்று எழுதவில்லை.

போனில் படம் எடுத்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். படம் எடுக்கிறவன் பார்க்கமாட்டான் என்று நான் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதனால் எடுக்கவில்லை.

மல்லசமுத்திரம் திரும்பி வேலையைத் தொடங்கினேன். சேலத்தில் மூன்று நூலகங்களுக்குப் போனேன். ஒன்றில் உலக வரலாறு என்று எழுதிய அலமாரியில் நாற்பத்தொரு புத்தகம். எல்லாவற்றையும் புரட்டியதில் போலந்து மொத்தமாக ஒன்றரைப் பக்கம் தேறியது. இன்னொன்றில் அந்த அலமாரியின் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போயிருந்தார். நான்கு முறை போனேன், நான்கு முறையும் விடுப்பில் இருந்தார். மூன்றாவதில் இருந்த பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, “பாலிஷ் பத்தி இருக்குது சார், மரச்சாமான் பாலிஷ் பண்றது” என்றார்.

பாலிஷ் என்னை விடவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், நான் வைத்திருந்த தாளில் ஆங்கிலத் தலைப்பைப் பார்த்துவிட்டார்.

“வாத்தியாருக்குக் கல்லு யேவாரமுங்களா? பாலிஷ் கல்லுன்னு போட்டிருக்குது.”

“போலிஷுங்க. போலந்து நாட்டு ஆளுக.”

“அப்பிடீங்களா. அவிங்க பாலிஷ் போடற ஆளுகளா?”

“இல்லீங்க. செத்துப்போனவங்க.”

“அட,” என்று அவர் சற்று யோசித்தார். “இங்க யாராச்சும் இருந்தாங்களா?”

“இல்லீங்க, ஆப்பிரிக்காவுல.”

அதன்பிறகு அவர் மல்லசமுத்திரம் வரும்வரை என்னோடு பேசவில்லை. ஒரு மணி இருபது நிமிடம்.

வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு பெயரில் விரலை வைத்தாள். “ஏனுங்க, இதென்ன கோசு?” குடும்பப் பெயர்கள் யாருடையதையும் முழுதாக இங்கே எழுதப்போவதில்லை, இந்தக் கதைக்குத் தொடக்கம் போதும். கே, ஓ, எஸ், ஓ என்று தொடங்கும் பெயர். நான் ‘கோசோ’ என்று எழுதியிருந்தேன். நான்காம் வரிசையில் ஐந்தாவது கல் ஒன்று, ஐந்தாம் வரிசையில் ஒன்பதாவது கல் ஒன்று. இரண்டுக்கும் இனிஷியல் எம்.

“ரெண்டு கோசு இருக்குது. அவரை, பீன்ஸ் ஏதும் இல்லீங்களா?”

“செத்தவங்க பேரு அது.”

“நம்மூர்ல போன வருசம் எத்தன பேரு செத்தாங்கன்னு கேட்டா உங்களுக்குத் தெரியுமுங்களா?”

பதினொருவர். சொன்னேன். அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தாள்.

முகாம்களில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு இணையக் குழுவில், ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். இன்ன ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் முழுப் பட்டியல் என்னிடம் உள்ளது, வேண்டுவோர் கேட்கலாம் என்று. ‘முழு’ என்ற சொல்லைப் போட்டது நான்தான். வேறு யாரும் போடச் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் கனடாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு இளம்பெண். தன் பாட்டிக்காக எழுதினாள். பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. அந்த முகாமில் ஆறு வயதுச் சிறுமியாக இருந்திருக்கிறார். தாய் அங்கே காய்ச்சலில் இறந்தார். சித்தி இவரைக் கூட்டிக்கொண்டு கனடா போனார். பாட்டியின் நினைவில் இருப்பது மூன்று: குடிசை வாசலிலிருந்து தெரிந்த மலை, தாயின் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணி, அடக்கம் செய்தபோது தன் கையிலிருந்த மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துபோனது. அது அணைந்ததற்குத் தன்னை யாரும் திட்டவில்லை என்பதையும் சொல்கிறாராம். நவம்பர் தொடக்கத்தில் வரும் கல்லறைத் திருநாளன்று அந்தக் கல்லின்மேல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். பாட்டியால் வர முடியாது, பேத்தி போவதாக இருக்கிறாள். விமானத்துக்குப் பதிந்தாகிவிட்டது. கல் எந்த வரிசையில் என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா.

பாட்டியின் தாய் பெயரை முன்சொல்லோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தாள். குடும்பப் பெயர் கே, எல், ஓ, எஸ், ஓ என்று தொடங்கியது. எல்லின் குறுக்கே கோடு இல்லை. என் பட்டியலைப் பார்த்தேன். ‘க்ளோ’ என்று தொடங்கும் பெயர் எதுவும் இல்லை. மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை, மறுநாள் மறுபடியும் இரண்டு முறை பார்த்தேன். இல்லை. பதில் எழுதினேன்: ‘எழுபத்து மூன்று கல்லறைகளும் என் பதிவில் உள்ளன. நான்கு முறை சரிபார்த்தேன். தாங்கள் கேட்கும் பெயர் அங்கே இல்லை. வேறு முகாமாக இருக்கலாம்.’

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் உழைப்புக்கு நன்றி என்றாள். பயணத்தை ரத்து செய்துவிட்டோம் என்றாள். கடைசியில் ஒரு வரி: ‘அம்மா அங்கே இல்லையென்றால் எங்கே என்று பாட்டி கேட்கிறார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.’

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அது சரியான விடை சொன்னவனின் வருத்தம். அதில் ஒரு நிம்மதியும் உண்டு. ஆறு வாரம் அந்த நிம்மதியில் இருந்தேன்.

ஆப்பிரிக்காவில் இருக்கும் அதே மருமகன் இங்கே கட்டிய புது வீட்டுக்கு ஐப்பசியில் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். புரட்டாசியிலேயே அழைப்பிதழ் வேலை தொடங்கியது. அழைப்பிதழில் பிழை பார்க்க என்னைவிட்டால் யார்? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகம். சந்துக்குள் ஆட்டோ நுழையாது. மூட்டை இறக்குகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் படியில் பதினான்கு பிழை கண்டுபிடித்துச் சிவப்பில் அடித்துக் கொடுத்திருந்தேன். இரண்டாம் படியைப் பார்க்கப் போனபோது அச்சகக்காரர் நான் திருத்திய தாளைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார்.

“சார், பெரியப்பா பேர்ல ஒரு எழுத்துமேல கோடு இருக்கு. அடிச்சதா, பேனா இழுத்துக்கிச்சா?”

“அடிச்சதுதான். அந்த எழுத்து வேண்டாம். பார்த்து, அடிச்சது தெரியக் கூடாது.”

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “ஏன் சார், அடிச்ச கோட்டோட எவனாவது அச்சடிப்பானா? எடுத்துட்டுத்தான் அடிப்போம். காகிதத்துக்கே அப்படி. இப்ப திறப்பு விழாக் கல்லு ஆர்டர் எடுக்கறேன், சாக்பீஸ்ல எழுதி நாலு பேர் பாத்தப்புறம்தான் உளியவே எடுக்கறான். கல்லுல வெட்டிட்டு அப்பறமா அடிக்கறதுன்னா, அவன் கல்லு வெட்டறவனா, கிறுக்கனா?”

அவர் தன் தொழிலைப் பற்றித்தான் சொன்னார். அழைப்பிதழில் இன்னும் இரண்டு பிழை இருந்ததைப் பிறகு மனைவி கண்டுபிடித்தாள். நான் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. பத்தொன்பது கற்களில், ஒரே எழுத்தை, ஒரே சாய்வில் கோடு போட்டு அடிக்கிறவன் எவன்? அந்தத் தோட்டத்தில் வேறு எந்த எழுத்தும் அடிக்கப்பட்டிருக்கவில்லை. ஏ இல்லை, எம் இல்லை. எல் மட்டும்.

சந்தில் நின்றபடியே போனில் தேடினேன். இதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அது அடித்த எல் இல்லை. போலந்து மொழியில் அது தனி எழுத்து. ஏறக்குறைய நம் வகரம் போல ஒலிக்கும். எல் வேறு, கோடு போட்ட எல் வேறு. மூன்று ல வைத்திருக்கும் மொழிக்காரன் நான். வல்லினம் மெல்லினம் தெரியாத பிள்ளைக்குக்கூட ல, ள, ழ வேறுபாட்டை அடித்துச் சொல்லிக் கொடுத்தவன். இன்னொரு மொழிக்காரருக்கு இரண்டு எல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர்க் கல்லில் பழனி என்று எழுதியிருப்பதை ஒரு வெளிநாட்டுக் கிழவன் பார்த்து, நடுவில் ஏதோ வால் தொங்குகிறதே, பிழை போலும் என்று அந்த எழுத்தை எடுத்துவிட்டால், பனி என்று எழுதிக்கொண்டு போவான். அதைத்தான் நான் பத்தொன்பது முறை செய்திருக்கிறேன்.

கே, கோடு போட்ட எல், ஓ, எஸ், ஓ. நடுவில் உள்ளதை எடுத்துவிட்டால் கே, ஓ, எஸ், ஓ.

கோசு.

வீட்டுக்கு வந்து அன்று மாலையே கனடாவுக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், கல்தச்சனைத் திட்டியது உட்பட. மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருந்தேன். மூன்று அதிகம் என்று ஒன்றை எடுத்தேன். பேத்தி மறுநாளே பதில் எழுதினாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த விடுப்பை வேறு காரியத்துக்கு எடுத்து முடித்தாகிவிட்டது, இந்த வருடம் இனி வர முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். கனடாவில் இறங்கிய நாளிலேயே அதிகாரிகள் அந்தக் கோட்டை விட்டுவிட்டுத்தான் பெயரைப் பதிந்தார்களாம்; அதனால் அவளுக்கே கோடு ஞாபகம் வரவில்லையாம். பாட்டி உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். உங்கள் பட்டியலில் அந்தப் பெயரில் இருவர் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அதில் அம்மா யார்?

அதுதானே. இரண்டு எம். ஒருவருக்குக் கோடு போட்ட எல் இருக்கலாம், இன்னொருவருக்கு உண்மையிலேயே எல் இல்லாமலும் இருக்கலாம். அப்படியும் அவர்களில் ஒரு குடும்பப் பெயர் உண்டாம். முன்சொல்லை வெட்டாமல் எழுதியிருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். என் நோட்டில் எம், புள்ளி. எம், புள்ளி. எண்பத்தெட்டு வயதுக்காரரிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் எப்படிச் சொல்வது?

காவல்காரரின் எண் என்னிடம் இல்லை. அவருடைய பதிவேட்டில் ஏழு முறை என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவன், அவர் எண்ணைக் கேட்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டேன். ரிக் இப்போது அங்கிருந்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் போகும் தொலைவில் நிற்கிறது என்றான்.

“மாமா, மழைக்கு முன்னால இன்னும் ஒம்பது போர் போட்டாகோணும். இப்பப் போயி செத்த வெள்ளக்காரிய எங்கீன்னு தேடறது?”

“எங்கேன்னு தெரியும். யாருன்னுதான் தெரியாது.”

“அது இன்னும் மோசமுங்க,” என்றான்.

நான்கு முறை கூப்பிட்டேன். பிறகு அவன் எடுக்கவில்லை. என் மனைவி தன் போனிலிருந்து கூப்பிட்டாள். “சாமி, உங்க மாமா ஒரு வாரமா சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறாரு. யாரையாச்சும் ஒருத்தர ஒரெட்டு அனுப்பு” என்றாள். ஒரே நிமிடப் பேச்சு. நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் கம்ப்ரசருக்கு ஒரு உதிரிப் பாகம் எடுக்க ரிக் டிரைவர் அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. எடப்பாடிக்காரர், நாற்பது வயது இருக்கும். வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்து பிறகு ரிக்குக்கு வந்தவர். அங்கே இருந்தபோது எனக்கு நன்றாகப் பழக்கம். இங்கே பகல் பன்னிரண்டரை, அங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார். நான் நோட்டோடும் மூக்குக் கண்ணாடியோடும் உட்கார்ந்தேன். படம் அனுப்பு என்றால் அந்த இடத்தில் போன் பேச மட்டும்தான் எடுக்கிறது என்றார்.

“சாருங்க, உள்ள வந்துட்டனுங்க. நாலாவது வரிசை, அஞ்சாவது கல்லு. நின்னுட்டிருக்கறனுங்க.”

“படி சாமி. ஒவ்வொரு எழுத்தாப் படி.”

“மொதல்ல இசட்டுங்க.”

“இசட் எப்படி வரும்? எம்தானே?”

“இசட்டுதானுங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன், இசட்டு தெரியாதுங்களா?”

நோட்டில் விரலை வைத்துப் பார்த்தேன், எம்தான். வரிசையும் தப்பா? எண்ணிக்கையும் தப்பா? அப்படியானால் இந்த நோட்டில் எதுதான் சரி? பிறகு கேட்டேன்.

“எந்த கேட் வழியா வந்தே?”

“ஒரே கேட்டுத்தானுங்க தொறந்திருக்குது. பச்சைப் பெயின்ட்டு.”

“நீல கேட்?”

“அது அந்தக் கடைசில இருக்குதுங்க. கொடி படந்து பூட்டிக் கெடக்குது.”

நான் நீலக் கதவு வழியாகப் போனவன். அவர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறார். ஆறு வரிசையில் என் நான்காவது அவருக்கு மூன்றாவது. பன்னிரண்டு கல்லில் என் ஐந்தாவது அவருக்கு எட்டாவது. என் ஐந்தாம் வரிசை அவருக்கு இரண்டாவது, ஒன்பதாவது கல் நான்காவது. கணக்கு ஓரத்தில் போட்டு இரண்டு முறை சரிபார்த்துச் சொன்னேன். அவர் நடக்கும் ஓசை கேட்டது. காய்ந்த இலைகள்.

“மூணாவது வரிசை, எட்டாவதுங்க. எம், ஏ, ஆர். இருங்க, கல்லுல பாசி. தொடச்சுக்கறனுங்க.” துடைத்தார். “எம், ஏ, ஆர், டி, ஏ. அதுக்கு அப்பறம் கே, ஓ, எஸ்.”

“கேவுக்கும் ஓவுக்கும் நடுவுல ஒண்ணுமில்லையா?”

“இல்லீங்க.”

மார்த்தா. பாட்டியின் தாய் பெயர் என்று பேத்தி எழுதியது இது இல்லை. “அடுத்தது போ சாமி. ரெண்டாவது வரிசை, நாலாவது.”

மறுபடியும் இலைகள். பிறகு அவர் படித்தார். எம், ஏ, ஆர், ஐ, ஏ. மரியா. பேத்தி எழுதிய பெயர். நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

“அப்பறம் கேயுங்க. அப்பறம் ஒரு எல்லுங்க, அதை அடிச்சிருக்குது. அப்பறம் ஓ.”

“அடிக்கல சாமி. அந்த எழுத்தே அப்படித்தான்.”

“அடிச்சாப்பலதானுங்க இருக்குது.”

“இருக்கட்டும். அது வேணும். விட்டுறாதே.”

“நான் எங்கீங்க உடறேன், நானா எழுதறேன்?” என்றார்.

நான் அவரிடம் மெழுகுவர்த்தி பற்றிச் சொன்னேன். திருநாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாள் அவர் அங்கே நிற்க முடியாது. மெழுகுவர்த்தி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வரவும் நேரமில்லை. வண்டியில் ஏற்றிய பாகத்துக்காக அங்கே ரிக் நின்றுகொண்டிருக்கிறது. நாள் தவறு, பொருளும் இல்லை. சரி, போ சாமி என்றேன்.

“இருங்க சாருங்க. வண்டியில சூடமிருக்குது.”

ரிக் எங்கே போனாலும் சூடமும் எலுமிச்சம்பழமும் கூடப் போகும். துளை போடக் குறித்த பாயிண்ட்டில் பைப்பை இறக்குவதற்கு முன் பூசை போடாமல் எங்கள் ஆட்கள் மண்ணைத் தொட மாட்டார்கள். அவர் வண்டிக்குப் போய் எடுத்து வந்தார். கல்லின் காலடியில் சூடத்தை வைத்து ஏற்றியதாகவும், காற்றடிக்கிறது, அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி.

“அணைஞ்சிருச்சா சாமி?”

“தானா தீந்துதுங்க சாருங்க. காத்து அணைக்கல.”

அவர் ஊருக்குள் வந்ததும் படங்களை அனுப்பினார். இரண்டு கல், ஆறு படம். மரியாவின் கல்லடியில் கரியாக ஒரு சிறு வட்டம். எல்லாவற்றையும் கனடாவுக்கு அனுப்பினேன். வரிசையையும் கல் எண்ணையும் நீலக் கதவுக் கணக்குப்படி ஒன்று, பச்சைக் கதவுக் கணக்குப்படி ஒன்று என்று இரண்டு விதமாகவும் எழுதினேன். மெழுகுவர்த்திக்குப் பதில் சூடம், அது எங்கள் வழக்கம், ஐந்து நாள் முன்னதாகவே ஏற்றிவிட்டார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி எரிந்தது, காற்று அணைக்கவில்லை என்பதையும் சேர்த்தேன். அது தேவையா என்று யோசித்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

எட்டு நாள் பதில் இல்லை. தினமும் ஆறேழு முறை பார்த்தேன். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்னும் எழுபத்தொரு பேரின் முன்சொற்கள் எனக்குத் தெரியாது. பதினெட்டுக் கற்களில் கோடு எங்கே என்று தெரியாது. ‘முழுப் பட்டியல்’ என்று இணையத்தில் போட்ட குறிப்பைத் திருத்தப் போனால், பழையதைத் திருத்தும் வசதியை அந்தக் குழுவில் எடுத்துவிட்டார்கள். அது அப்படியே இருக்கிறது, என் பெயரோடு. என் மனைவி, “மறுக்கா ஒரு தடவ போயிட்டு வந்துறலாமுங்க” என்கிறாள். மருமகன், அடுத்த வருடம் ரிக் வேறு நாட்டுக்குப் போகிறது என்கிறான்.

ஒன்பதாம் நாள் பேத்தியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் ஒன்றும் எழுதவில்லை. கையால் எழுதிய ஒரு தாளின் படம் மட்டும். ஆங்கிலத்தில், நடுங்கிய கையெழுத்தில் மூன்று வரி. கல்லைப் பார்த்தேன். அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறது. அந்த மனிதர் கையால் காற்றை மறைத்ததற்கு நன்றி.

கீழே கையெழுத்து. திருமணத்துக்குப் பிறகான பெயர் இல்லை. பிறந்த வீட்டுப் பெயர். கே போட்டு, எல் போட்டு, அதன் குறுக்கே வேண்டுமென்றே நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கிறார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி.

டிரைவருக்கு அந்த மூன்றாவது வரியைப் படித்துச் சொன்னேன். “அதுக்கென்னங்க” என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘கல்தச்சர் கவனக்குறைவு’ என்பதை அடித்துவிட்டேன். பத்தொன்பது என்பதை அடிக்கவில்லை, அது சரியான எண்ணிக்கை. இந்தக் கையெழுத்தைச் சேர்த்தால் இருபது. ஆனால் அது கல்லில் இல்லை, தாளில் இருக்கிறது. எந்தப் பத்தியில் எழுதுவது என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.